கொசுவலைக்குள் ரெகுலேட்டர்

சர்வீஸுக்கென்று சென்னைக்கு அனுப்பிய எங்கள் இரண்டு ஸ்கூபா ரெகுலேட்டர்களும் மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தன. ஒரு வழியாகத் திரும்பி வந்தபோது போனதைவிட மோசமாக வந்தன. என்னுடையதாவது இழுத்தால் கொஞ்சம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரருடையது, பாண்டிச்சேரியில் படகில் வைத்து சிலிண்டரைத் திறந்ததுமே சீறியது. யாரும் வாயில் வைக்காமலே காற்று தானாகப் பீய்ச்சிக்கொண்டு போனது. அன்றைக்கு அவர் கடலில் இறங்காமல் படகிலேயே உட்கார்ந்து இரண்டு முறை வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

சர்வீஸ் கடைக்காரரைப் போனில் பிடித்தேன்.

"புது பார்ட்ஸ் போட்டிருக்கோம் மேடம். ரெண்டு டைவ் போனா தானா செட் ஆயிடும்" என்றார்.

புதுச் செருப்பு கடிக்கிறது என்று சொன்னால் சொல்வார்களே, அந்த மாதிரி. கடலுக்கடியில் மூச்சு விடுகிற சாமான் அது. போனை வைத்ததும் இனி நானே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கோபத்தில் எடுத்த முடிவுதான்.

திருப்பூரில் இருந்துகொண்டு ஸ்கூபாவா என்று கேட்காத ஆள் கிடையாது. நொய்யல் ஆற்றில் குதிக்கவா என்று கேட்டுச் சிரிப்பார்கள். இது ஆரம்பித்ததே அவருடைய சர்க்கரையால்தான். நீச்சல் பழகச் சொன்னார் டாக்டர். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாற்பதைத் தாண்டி இரண்டு பேரும் நீச்சல் பழகினோம். அது ஒருநாள் பாண்டிச்சேரியில் கொண்டுபோய் விட்டது. எனக்கு மீன் பார்ப்பதில்கூட அவ்வளவு ஆசை இல்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையிலிருந்து யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தண்ணீருக்கடியில் யாரும் கூப்பிட முடியாது. அந்த முக்கால் மணி நேரத்துக்காக நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ்ஸில் போவேன்.

ரெகுலேட்டர் என்பது பெரிய மந்திரமெல்லாம் இல்லை. சிலிண்டருக்குள் காற்று பயங்கர அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை அப்படியே வாங்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். சிலிண்டரில் மாட்டுகிற பித்தளைக் கட்டி, அதற்கு முதல் நிலை என்று பெயர், அழுத்தத்தை இருபதில் ஒரு பங்குக்கு இறக்கிக் குழாய்க்குள் அனுப்பும். வாயில் கடித்துக்கொள்கிற இரண்டாம் நிலை அதை இன்னும் இறக்கி, நாம் இழுக்கும்போது மட்டும் கொடுக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன பிளாஸ்டிக் அடைப்பு, நிறைய ரப்பர் வளையங்கள். சிங்கப்பூரில் இருக்கிற ஒரு தோழி ஊருக்கு வரும்போது வளையங்களும் அடைப்புகளும் கொண்ட உதிரிப் பொட்டலம் இரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். பிரிக்கிற முறையைப் படம் போட்டு விளக்கியிருந்த தாள்களைக் கம்பெனி பிரிண்டரில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவருடையதைப் பிரித்தேன். உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது.

"ஏனுங்க, இதைக் கழுவும்போது மூடியைப் போட்டுத்தானே கழுவுனீங்க?"

"எந்த மூடி?"

"சிலிண்டர்ல மாட்டற வாய்க்கு ஒரு கறுப்பு மூடி இருக்குமே. அது."

அவர் யோசித்தார். யோசிக்கிறபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

"சுத்தமாகட்டும்னு உள்ளுக்கும் சித்த தண்ணி உட்டு அலசுனேன் அம்மிணி. உப்பு போவோணுமில்ல?"

ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்ததும் மூடியைப் போட்டு அலசுங்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். நான் சொன்னேன். பையின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தேன். மனுஷர் குழாயடியில் வைத்து சொம்பைக் கழுவுவதுபோலக் கழுவியிருக்கிறார். அந்தக் கடைக்காரர் அந்தப் பச்சையைச் சுரண்டக்கூடச் செய்யாமல் மேலாகத் துடைத்து அனுப்பியிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் இவர்தான் என்பதால் இவர்மேல் பட்டேன்.

பித்தளைப் பாகங்களை வினிகர் கலந்த வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். அது வரைக்கும் சுலபம். அதன் பிறகுதான் நாங்கள் குடியிருக்கிற வீடு தன் வேலையைக் காட்டியது.

எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. கீழே கொழுந்தனாரின் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட். வட்டமாகச் சுற்றுகிற மெஷின்கள் நாள் முழுக்க ஓடும். எங்கள் மேல் பஞ்சு படியாத நாளே கிடையாது. சாம்பார்க் கிண்ணத்தில் பஞ்சு மிதந்தால் ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். டிவிக்குப் பின்னால், ஃபேன் இறக்கை மேல், தலையணை உறைக்குள், எங்கே தொட்டாலும் பஞ்சு. பல வருஷமாக அது கண்ணிலேயே படாமல் பழகிப்போயிருந்தது. ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி ஒரு தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் பட்டது. பளபளவென்று இருந்த வளையத்துக்கு மீசை முளைத்திருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். மறுபடி மீசை. சாப்பாட்டு மேஜையிலிருந்து படுக்கையறைக்கு மாறினேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத் துண்டைத் திணித்தேன். ஃபேனை நிறுத்தினேன். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி வளையத்தின் மேலேயே விழுந்தது. கீழே இறங்கிப் போய்க் கொழுந்தனாரிடம் கேட்டேன்.

"சித்த நேரம் மெஷினை நிறுத்த முடியுங்களா?"

எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"நங்கை, நாளைக்குத் துணி போயாவோணும். நிறுத்துனா பார்ட்டி என்னைய நிறுத்திப்போடுவானுங்க. மூணு நாள் கழிச்சுக் கேளுங்க, ஞாயித்துக்கெழமை முச்சூடும் நிறுத்தியே போடறேன்."

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பாண்டிச்சேரியில் இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும். மேலே ஏறி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

கடைசியில் கொசுவலையை எடுத்துக் கட்டிலின் மேல் கட்டினேன். துவைத்து, ஈரம் போகாமல் கட்டினேன். அதற்குள் ஒரு பலகையை வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வலையின் ஈரத்தில் பஞ்சு வெளியேயே ஒட்டிக்கொண்டது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. மெத்தையின் மேல் உட்கார்ந்து ஸ்பிரிங் வேலை பார்க்கக்கூடாது என்பது மட்டும் பிறகுதான் புரிந்தது. திருகைக் கழற்றியதும் ஸ்பிரிங் துள்ளி, வலையில் பட்டு, போர்வை மடிப்பில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. நான் அசைந்தால் பலகை சாய்ந்தது. பலகை சாய்ந்தால் வளையங்கள் உருண்டன. அவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க வேணும்?"

"ஒண்ணுமில்ல. காப்பி வெக்கட்டுமான்னு கேக்க வந்தேன்."

"வைங்க. ஆனா உள்ள வராதீங்க. வலையைத் தூக்காதீங்க."

அவர் டம்ளரை வலைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுப் போனார். நான் கையை நீட்டினால் எட்டாத தூரத்தில்.

மாலைக்குள் இரண்டையும் பூட்டி முடித்தேன். முடித்த பிறகு தட்டில் இரண்டு ரப்பர் வளையங்களும் இரண்டு வெள்ளை வாஷர்களும் மிச்சம் இருந்தன. எங்கள் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து ஒட்டிப் பார்க்கிறவரை அந்த லைனை ஓட விடமாட்டேன். டெய்லர்கள் என்னைத் திட்டிக்கொண்டே தரையில் காந்தம் போட்டுத் தேடுவார்கள். அப்படிப்பட்ட ஆளின் தட்டில் உதிரிகள் மிச்சம். மறுபடி கொசுவலைக்குள் போய் இரண்டு ரெகுலேட்டரையும் முழுக்கப் பிரித்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பிரிண்ட் எடுத்த தாளின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், இந்தப் பொட்டலம் இன்னொரு மாடலுக்கும் சேர்த்தது, சில பாகங்கள் மிஞ்சும் என்று போட்டிருந்தது. அதை மேலே பெரிதாகப் போட்டால் அந்தக் கம்பெனிக்காரனுக்கு என்ன கெட்டுப்போகும் என்று தெரியவில்லை.

பூட்டினால் போதாது, காற்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு நிரம்பிய சிலிண்டர் வேண்டும். திருப்பூரில் காற்றடிக்கிற கம்ப்ரஸர் தெருவுக்கு நாலு இருக்கிறது. எல்லாம் எண்ணெய்க் காற்று, சுவாசிக்க ஆகாது. தீயணைப்புச் சாமான்கள் விற்கிற கோயமுத்தூர்க் கடை ஒன்றில், புகைக்குள் போகிறவர்கள் முதுகில் மாட்டுகிற சிலிண்டர்களுக்குச் சுத்தமான காற்று அடைத்துக் கொடுப்பார்கள். அங்கே கெஞ்சி எங்கள் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு, மறுநாள் காலை அவர் ஆட்டோவில் கொண்டுவந்து இறங்கினார். தோளில் வைத்து மாடிப்படி ஏறும்போது தெருவே பார்த்தது.

மதியத்துக்குள் எதிர்வீட்டு அக்கா ஆப்பிளும் ரொட்டிப் பாக்கெட்டுமாக வந்துவிட்டார்.

"ஏங் கண்ணு, ஆருக்கு மேலுக்கு முடியல? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க அக்கா. அது டைவிங் சிலிண்டருங்க. கடலுக்குப் போறதுக்கு."

"ஆக்சிஜன் ஏத்தற அளவுக்குப் போயிருச்சு, ஒண்ணுமில்லீங்கறயே."

"ஆக்சிஜன் இல்லீங்க. வெறும் காத்துதான்."

"காத்துதானே கண்ணு மூச்சு" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து, காலையில் கோயமுத்தூர் போய்வந்த களைப்பில் அவர் படுக்கையறையில் கொசுவலைக்குள் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர். பலகையின் மேல் குழாய்கள். கதவு பாதி திறந்திருந்தது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் கையைப் பிடித்து, "நீ தைரியமா இருக்கோணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு இளநீர் வந்தது. ஆரஞ்சு வந்தது. கீழே யூனிட்டில் வேலை செய்கிற பீகார்க்காரர் ஒருவர், "பையா டீக் ஹை?" என்று படியில் நின்று இந்தியில் அண்ணன் உடம்பை விசாரித்துவிட்டுப் போனார். பழையபடி ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னேன். தூங்கி எழுந்த வீட்டுக்காரர் ஆரஞ்சை உரித்துக்கொண்டே, "பாவம், அன்பா வர்றாங்க, எதுக்கு மொகத்தைக் காட்டறே" என்றார். நான் முகத்தைக் காட்டவில்லை. என் முகமே அப்போது அப்படித்தான் இருந்தது.

அழுத்தம் பார்க்கிற சின்ன மீட்டரைக் குழாயில் மாட்டி, சிலிண்டரை மெல்லத் திறந்தேன். என்னுடையது, இரண்டாவதாகப் பூட்டியது, முதல் முறையே சரியாக வந்தது. முள் ஒன்பதரைக்குப் பக்கத்தில் போய் நின்று அசையாமல் இருந்தது. அவருடையது அதே இடத்துக்கு வந்தது, நின்றது, பிறகு ஊர்ந்தது. கடிகாரத்தின் சின்ன முள்போல, பார்க்கும்போது நகராது, கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால் நகர்ந்திருக்கும். பத்து. பத்தரை. அதற்கு மேல் இரண்டாம் நிலை தாங்காமல் உஸ்ஸென்று கசிய ஆரம்பித்தது.

முள் ஊர்ந்தால் உள்ளே அந்தச் சின்ன பிளாஸ்டிக் அடைப்பு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். பிரித்தேன், துடைத்தேன், பூட்டினேன். ஊர்ந்தது. பிரித்தேன், கிரீஸைக் குறைத்தேன், பூட்டினேன். ஊர்ந்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்தால் மறுபடி கோயமுத்தூர், மறுபடி ஆட்டோ, மறுபடி ஆப்பிள்.

"உட்டுப்போடு அம்மிணி, அங்க போயி வாடகைக்கு எடுத்துக்கறேன்" என்றார் அவர்.

நியாயமான பேச்சுதான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் லீவு போட்டு, கொசுவலைக்குள் வெந்து, ஊர் முழுக்க இவரைச் சாகக்கிடக்கிறவராக ஆக்கிவைத்திருக்கிறேன். இப்போது வாடகைக்காம்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"மொதல்லயே சொன்னேன். நீ காதுல வாங்கல."

சொன்னார்தான். அவர் எழுந்து வெளியே போனார். நான் அடைப்பை மறுபடி கையில் எடுத்தேன். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுவதற்கு ஒரு மடக்கு லென்ஸ் வைத்திருப்போம், அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அதை ஏன் அதுவரை எடுக்கத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அடைப்பில் ஒன்றும் இல்லை. அது போய் உட்காருகிற பித்தளை வட்டத்தின் விளிம்பில், சிவப்பாக, இமை முடியில் பாதி நீளத்துக்கு ஒரு இழை படிந்திருந்தது. கீழே அந்த வாரம் சிவப்பு நூல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொசுவலை, ஈரத் துண்டு, சாத்திய ஜன்னல் எல்லாவற்றையும் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. கிரீஸ் பட்டதில் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மரக்குச்சி நுனியால் அதை எடுத்தேன். விளிம்பில் கீறல் ஏதும் இல்லையா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பூட்டி, மிச்சமிருந்த காற்றைத் திறந்தேன். முள் ஒன்பதரைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திறந்தேன். அங்கேயே இருந்தது. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அங்கேயே இருந்தது. இட்லி அண்டாவில் தண்ணீர் நிரப்பி இரண்டையும் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு இழை நூலுக்காக இத்தனையா என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினோம். பாண்டிச்சேரியில் எங்களைக் கூட்டிப்போகிற பயிற்சியாளர் இளைஞர், மரியாதையானவர், கையில் எடுத்ததை எல்லாம் சோதித்துப் பார்க்கிறவர். அவரிடம் எங்கள் வீட்டுக்காரர் தானாகவே ஆரம்பித்தார்.

"சர்வீஸு இந்தத் தடவை ஊட்டுலயேங்க. இவிகதான் பண்ணுனாங்க."

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். தன் மீட்டரை மாட்டி இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். வாயில் வைத்து இழுத்தார். அண்டாவில் நான் செய்ததையே வாளியில் செய்தார். "நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றார். அப்படியும் அவர்கள் டைவிங் கடையின் ரெகுலேட்டர் ஒன்றைத் தன் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

படகில் போகும்போதுதான் எனக்கு ஆரம்பித்தது. வீட்டுக்காரர் வழக்கம்போல அலையைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பார்த்துக்கொண்டு வாந்தியை அடக்கியபடி உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அவருடைய ரெகுலேட்டர். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். லென்ஸில் நான் ஒரு இழையைப் பார்த்தேன். இன்னொன்று இருந்திருந்தால். அந்தத் திருகைக் கடைசியாக முறுக்கினேனா, முறுக்கியதாக நினைத்தேனா. மீட்டர் சரி என்றது. பயிற்சியாளர் சரி என்றார். கம்பெனியில் என் கையெழுத்துக்குப் பிறகு பெட்டி பெட்டியாகத் துணி கப்பல் ஏறும். அதற்கெல்லாம் தூக்கம் கெட்டதே இல்லை. இந்த மனுஷர் எதையும் கேட்கவில்லை, சோதிக்கவில்லை. வாடகைக்கு எடுக்கிறேன் என்று சொன்னவர் அதையும் மறந்துவிட்டார். நான் கொடுத்ததை வாயில் வைத்துக்கொண்டு கடலில் குதிக்கத் தயாராக இருந்தார்.

"ஏனுங்க, அதைக் கொடுங்க. நீங்க என்னுதை எடுத்துக்கங்க."

"எதுக்கு?"

"சும்மா. கொடுங்க."

"இது நல்லாத்தான் இருக்குன்னு அந்தத் தம்பி சொன்னானே."

"நல்லா இருக்கறதுனாலதான் கேக்கறேன். எனக்கு வேணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கொடுத்தார். குமட்டலில் இருந்ததால் மேலே வாதாடவில்லை. நாங்கள் மாற்றி மாட்டிக்கொள்வதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு மறுபடி இரண்டையும் ஒருமுறை சோதித்தார்.

இறங்கினோம். தண்ணீர் கலங்கலாக இருந்தது. முதல் சில மூச்சுக்கு நான் மீனையும் பார்க்கவில்லை, பாறையையும் பார்க்கவில்லை. காற்று வருகிறதா என்று ஒவ்வொரு இழுப்பையும் எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தது. என்னுடையது சென்னைக்குப் போவதற்கு முன்பு இருந்ததைவிட லேசாக, கேட்காமலே கொடுப்பதுபோல வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணுவதை விட்டுவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அவர் பக்கம் திரும்பியபோதுதான் பார்த்தேன். நான் கொடுத்த என்னுடைய ரெகுலேட்டரின் ஓரத்திலிருந்து, அவர் மூச்சை வெளியே விடாதபோதும், பொடிக் குமிழிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. முதல் முறையே சரியாக வந்த ரெகுலேட்டர். எந்தத் தொந்தரவும் தராதது.

பயிற்சியாளர் அருகில் போய்ப் பார்த்தார். அபாயம் இல்லை, கொஞ்சம் காற்று வீணாகிறது, அவ்வளவுதான் என்று சைகை காட்டினார். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் பரவாயில்லை என்று காட்டினார். நான் மட்டும் மீதி நேரம் முழுக்க அந்தக் குமிழிகளுக்குப் பக்கத்திலேயே நீந்தினேன். அவர் எங்கே திரும்பினாலும் நானும் திரும்பினேன். ஒரு பெரிய திருக்கை எங்களுக்குக் கீழே போனதாகப் படகில் ஏறியபிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

படகில் ஏறி முகக்கண்ணாடியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உன்ற ரெகுலேட்டர்ல கடிக்கற ரப்பர் சின்னது அம்மிணி, தாடையே வலிக்குது."

"குமிழி வந்துச்சே, பாக்கலீங்களா?"

"குமிழி வந்தாத்தானே தண்ணிக்குள்ள இருக்கறதுக்கு அழகு."

அன்றைக்குச் சாயங்காலமே பஸ் ஏறினோம். ரெகுலேட்டர்கள் இரண்டும் மடியில் என் பைக்குள் இருந்தன. எது யாருடையது என்று இனிமேல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நிலையைத் திறந்து உள்ளே இருக்கிற நெம்புகோலைக் கொஞ்சம் சரிசெய்தால் அந்தக் கசிவு போய்விடும். அதற்கு மறுபடி சிலிண்டர் நிரப்ப வேண்டும். அவர் தாடையைத் தடவிக்கொண்டே, அடுத்த தடவை பெரிய ரப்பராக வாங்கி மாட்டு, இது குழந்தைகளுக்குச் செய்ததுபோல இருக்கிறது என்றார். கள்ளக்குறிச்சி வரும்வரை சொன்னார். சேலத்தில் டீ குடிக்கும்போதும் சொன்னார். எதற்காக மாற்றிக் கொடுத்தேன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெருந்துறை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். குறட்டை ஏறி இறங்குவதைக் கேட்டுக்கொண்டே பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.